ரெப்போவை எங்கே வைப்பது? திறமூலக் குழுக்கள் தவறும் இடங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு திறமூலக் குழு தொடங்கும்போது லோகோவுக்கு ஒரு வாரம் விவாதம் நடக்கும். ரெப்போ (கோடும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த கிடங்கு) எங்கே என்ற கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யாரிடம் கிட்ஹப் கணக்கு இருக்கிறதோ, அதில்! ரெப்போக்களை இணையத்தில் வைக்க கிட்ஹப் நல்ல தளம்தான். புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவதும் அங்கேதான். ஆனால் எந்தத் தளமானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நாளை இங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் என்னென்ன கையோடு வரும்?

"கோட் எல்லார் லேப்டாப்பிலும் இருக்கே" என்பார்கள். உண்மை, சாதாரணமாக எடுத்த ஒவ்வொரு குளோனிலும் (ரெப்போவின் நகல்) முழு வரலாறும் இருக்கும். இஷ்யூக்கள் (பிழை, வேலை பற்றிய பதிவுகள்), ரிவ்யூ விவாதங்கள், லேபிள்கள், உறுப்பினர் அனுமதிகள் ஆகியவை அதில் இருக்காது. அவையெல்லாம் தளத்தின் டேட்டாபேஸில் கிடப்பவை. 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பின் டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது ரெப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்து இஷ்யூக்கள், கமென்ட்கள் போன்றவைதான் போயின. இதே வகைத் தளமான கூகுள் கோட் 2015 மார்ச்சில் மூடலை அறிவித்து 2016 ஜனவரியில் கடையைக் கட்டியது. இன்னொரு தளமான பிட்பக்கெட் 2020-இல் மெர்குரியல் (கிட் போலவே மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) ரெப்போக்களை நீக்கியது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் உத்தரவால் இந்தியாவில் முடக்கப்பட்ட 32 தளங்களின் பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. பெரிய கம்பெனி, எங்கே போய்விடும் என்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஆகவே முடிவெடுக்கும் முன் அரை நாள் ஒதுக்கி வெளியேறிப் பாருங்கள். ஒரு சோதனை ரெப்போவில் இரண்டு இஷ்யூ, ஸ்கிரீன்ஷாட் ஒட்டிய ஒரு கமென்ட், மெர்ஜ் செய்த ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), ஒரு விக்கிப் பக்கம் போடுங்கள். அக்சஸ் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தளம் தரும் ரகசியக் குறியீடு) எடுத்து, வேறொரு தளத்தின் இம்போர்ட் வசதி வழியாக இழுங்கள். கிட்லேப்பிலும், சொந்த சர்வரில் நிறுவக்கூடிய ஃபோர்ஜோ, கிட்டீ மென்பொருள்களிலும் இது உண்டு. கோடும் இஷ்யூக்களும் பெரும்பாலும் வந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டைச் சொடுக்கிப் பார்த்தால் படம் பழைய தளத்திலிருந்தே வருவது பல நேரம் தெரியும். அங்கே கணக்கு போனால் படமும் போகலாம். கமென்ட் எழுதியவர்களின் பெயர்கள் புதிய தளத்தில் அவரவர் கணக்கோடு சேராமல் வெறும் எழுத்தாக நிற்கலாம். விக்கி தனி ரெப்போ என்பதால் முதன்மை ரெப்போவை மட்டும் குளோன் செய்தால் அது வராது.

அடுத்த தவறு, ரெப்போ ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருப்பது. இறுதியாண்டு முடிந்து அவர் பெங்களூருக்குப் போவார், செல்பேசியை மாற்றுவார், இருபடிச் சரிபார்ப்புச் செயலியும் பழைய போனோடு போய்விடும். கிட்ஹப் 2023 முதல் கோட் பங்களிப்பவர்களுக்கு அந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீட்புக் குறியீடுகள் இல்லாவிட்டால் கணக்கைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. முதல் நாளே ஆர்கனைசேஷன் (குழுவுக்கான பொதுக் கணக்கு) ஒன்றைத் திறந்து, வெவ்வேறு பேட்ச்சைச் சேர்ந்த மூன்று பேரை ஓனர் ஆக்குங்கள். ஒவ்வொருவரும் தம் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து வைக்கட்டும். ஏற்கெனவே சொந்தக் கணக்கில் இருந்தால் டிரான்ஸ்ஃபர் வசதி போதும். இஷ்யூக்களும் ஸ்டார்களும் கூடவே வரும், பழைய முகவரியும் புதியதற்குத் திருப்பிவிடும். கிட்லேப்பில் இன்னொன்றும் உண்டு: இலவசத் திட்டத்தில் பிரைவேட் குழுவுக்கு ஐந்து பேர்தான். திறமூலக் குழுவுக்கு பப்ளிக் குழுவே பொருத்தம், அதற்கு இந்த வரம்பு இல்லை.

கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் எதிர்த்திசையில் சறுக்குவார்கள்: "நம்ம சர்வரை நாமே நடத்துவோம்." கிட்லேப்பை நிறுவ 8 ஜிபி ரேம் பரிந்துரைக்கிறார்கள், ஃபோர்ஜோ ஒரு ஜிபியிலேயே சிறு குழுவைத் தாங்கும். ரேம் ஒரு தடையே இல்லை. வீட்டு இணைப்பு பலருக்கும் தனிப் பொது ஐபி இல்லாமல்தான் வருகிறது. வெளியிலிருந்து நேராக அந்த சர்வரை அடைய முடியாது. மின்சாரம் இன்னொரு பக்கம். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் கரைகடந்தது இந்தக் கரையில்தான். கடலூரில் ஒரு அறையில் சர்வரும் அதே மேசையில் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், அது பேக்கப் என்ற கணக்கில் வராது. யாரும் பதிவு செய்யலாம் என்று திறந்துவிட்டால் சில வாரங்களில் விளம்பர இணைப்பு போடும் போலிக் கணக்குகள் குவியும். பாதுகாப்பு அப்டேட்களைத் தேர்வு நேரத்திலும் போட ஒரு ஆள் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம். லாபநோக்கமற்ற தளம்தான் வேண்டுமென்றால், பெர்லினில் பதிவான அமைப்பு ஃபோர்ஜோ கொண்டு நடத்தும் கோட்பெர்க் இருக்கிறது. அங்கே கட்டற்ற உரிமம் கட்டாயம். தானியங்கிச் சோதனை வசதி கிட்ஹப் அளவுக்குத் தாராளம் கிடையாது.

தளத்தைக் கல்லூரி லேபிலிருந்தே சோதியுங்கள், வீட்டிலிருந்து அல்ல. பல கல்லூரி நெட்வொர்க்குகள் எஸ்எஸ்எச்சுக்கான (கோடை அனுப்ப உதவும் பாதுகாப்பான இணைப்பு முறை) 22-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். கிட்ஹப்பும் கிட்லேப்பும் 443-ஆம் போர்ட்டில் மாற்று வழி தருகின்றன. எச்டிடிபிஎஸ் வழியாகப் புஷ் செய்பவர்களுக்கு (கோடைத் தளத்துக்கு அனுப்புபவர்களுக்கு)க் கிட்ஹப்பில் 2021 ஆகஸ்ட் முதல் பாஸ்வேர்ட் செல்லாது, டோக்கன்தான். முதல் பயிற்சி வகுப்பில் பாதி நேரத்தை இதுதான் தின்னும்.

ஸ்கேன் செய்த பக்கங்கள், குரல் பதிவுகள் போன்ற பெரிய கோப்புகளை ரெப்போவில் போடாதீர்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை மறுக்கும். சிறியவற்றைப் போட்டுவிட்டுப் பிறகு அழித்தாலும் வரலாற்றில் தங்கி ஒவ்வொரு குளோனையும் கனமாக்கும். வெளியீடுகளுக்கான ரிலீஸ் பகுதியில் இணைப்பதே மேல்.

தமிழ்க் கோப்புப் பெயர்களும் தளத்தோடு சோதிக்க வேண்டியவையே. இந்தத் தளங்களுக்கெல்லாம் அடிப்படையான கிட் மென்பொருள் இயல்பாகவே அவற்றைப் பின்சாய்வுக்கோடும் எண்களுமாகக் காட்டும். core.quotePath என்னும் அமைப்பை false ஆக்கினால் தமிழில் தெரியும். 'கொ', 'கோ' போன்றவை இன்னும் வம்பு. யூனிகோடில் அந்த உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கில் பிரித்த வடிவத்திலும் லினக்ஸில் சேர்ந்த வடிவத்திலும் உருவான ஒரே பெயர், ரெப்போவில் இரண்டு கோப்புகளாக நிற்கக்கூடும். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழைக் கோப்புக்குள் எழுதுவதே இப்போதைக்கு வம்பில்லாத வழி.