ரேம் மேல் சந்தேகமா? விண்டோஸை அழிக்காதீர்கள்

பழைய டெஸ்க்டாப் அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோனால், பலரும் உடனே செய்வது டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான். பழுது ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருந்தால் இதைவிடக் கெடுதல் வேறில்லை. டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய அலகு) மாறினால், மாறியபடியே எழுதப்பட்டுவிடும். அதைத் திருத்தும் ஈசிசி வசதி சாதாரண டெஸ்க்டாப் ரேமில் கிடையாது.

2012-ல் வாங்கிய டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் நானும் இதைத்தான் செய்தேன், இரண்டு முறை. அதற்கு முன்பு குடும்பப் படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்திருந்தேன். பிறகு திறந்து பார்த்தால், சில படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மூலப் படங்கள் ஃபார்மட்டோடு போய்விட்டன. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: சந்தேகம் வந்ததும் அந்தக் கணினியில் எதையும் நகலெடுக்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி பேக்கப் எடுங்கள்.

சரி, எதை வைத்துச் சோதிப்பது? விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. ஆனால் அது தானாகச் செய்யும் சோதனை போதாது, எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்86+ இன்னும் நம்பகமானது, இலவசமும்கூட. ஒரு சுற்றில் பிழை வரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். சூடேறிய பிறகே தலைகாட்டும் பழுதுகள் உண்டு, இரவு முழுக்க ஓடட்டும். ரேம் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால், முதலில் பயாஸை (கணினியின் அடிப்படை அமைப்புகளை) டீஃபால்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறமும் பிழை வந்தால், அது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் பழுதுதான்.

பிழை வந்ததும் ஸ்டிக்கை, அதாவது ரேம் பலகையை, தூக்கிப் போடுவது அடுத்த தவறு. நான் புது ஸ்டிக் வாங்கி அதே ஸ்லாட்டில் (போர்டில் ரேம் மாட்டும் இடத்தில்) போட்டேன், பிழை அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். தேறிய ஸ்டிக்கை அடுத்து ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. எங்கள் கணினியில் குற்றவாளி இரண்டாவது ஸ்லாட்.

கழற்றும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பல வருடம் அசையாமல் இருந்த ஸ்டிக், கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாவதும் உண்டு. அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் தங்கப் பூச்சு தேயும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி நல்லது.

பழைய ஸ்டிக்கோடு சேர்க்க வாங்கும்போது வோல்ட்டைப் பாருங்கள். டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்-க்கு 1.35. எல்லா ஸ்டிக்கும் எல்லா ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் ரேமை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), போர்டில் உப்பிய கெபாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது ஸ்லாட்டைக் காலியாக விட்டு, ஓர் இரவு முழுக்கச் சோதனை ஓட்டினேன். பிழை பூஜ்யம். அதன் பிறகே மூன்றாவது முறையாக விண்டோஸ் போட்டேன்.