எள்ளா கீரையா, எதுல சத்து அதிகம்னு கணக்கு பாக்குறது எப்படி?

எங்க அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு, கீரையவிட எள்ளுல மூணு மடங்கு கால்சியம்னு. அன்னைலருந்து வீட்ல கீரை வாங்குறதே குறைஞ்சு போச்சு, உக்காந்து ஆயணும் அலசணும் இதுக்கு ரெண்டு எள்ளுருண்டை போதுமேன்னு சொல்லிட்டாங்க. அந்த நம்பர் பொய் இல்ல, ஆனா அத வெச்சு எடுத்த முடிவு தப்பு, அதனாலதான் இத எழுதுறேன்.

அந்த மாதிரி சத்துக் கணக்கு டேபிள் எல்லாமே 100 கிராமுக்குன்னுதான் போட்டிருக்கும். தோலோட இருக்குற எள்ளுல 100 கிராமுக்கு சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக்கீரைல சுமார் 300. சரி, யாரு 100 கிராம் எள்ளு சாப்பிடுறா? அதுல 570 கலோரி இருக்கு. இன்னொன்னு, கீரைல முக்கால் பங்குக்கு மேல தண்ணி, எள்ளுல தண்ணி 5 சதவீதம்தான், அப்ப ஒரே எடைக்கு எள்ளு ஜெயிக்கத்தான் செய்யும். முருங்கைப் பொடி டப்பால பெரிய பெரிய நம்பர் போடுறதும் இதேதான், தண்ணிய எடுத்துட்டா எல்லாம் கூடித் தெரியும், நீங்க போடுறது ஒரு ஸ்பூன்.

அதனால முதல்ல உங்க தட்டுல விழுற அளவ பாருங்க. கிச்சன் தராசு இருந்தா ஒரே ஒரு தடவ நிறுத்துப் பாருங்க, காம்பெல்லாம் போக உருவுன இலைய மட்டும். எங்க வீட்ல பொரியலுக்கு ஆளுக்கு 50 கிராம் வந்துச்சு, அதுல கால்சியம் 150, இரும்புச்சத்து 2 மில்லிகிராம் கிட்ட. எள்ளு குமிச்சு ஒரு பெரிய ஸ்பூன் 10 கிராம், அதுல கால்சியம் 100, இரும்பு ஒன்னரை. ஒரு நாளைக்கு பெரியவங்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்ற கால்சியம் 1000 மில்லிகிராம், அப்ப ரெண்டும் சேந்தாலே கால்வாசிதான், இதுல ஒன்ன எதுக்கு நிறுத்தணும்?

அடுத்து பாக்க வேண்டியது, உள்ள போறதுல எவ்ளோ ஒடம்புல சேருதுன்னு. இதத்தான் யாரும் பாக்குறதில்ல. பாலக்கீரைல 100 கிராமுக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, ஆனா கீரைலயே இருக்குற ஆக்சலேட்ங்கிற பொருள் அத புடிச்சு வெச்சுக்கும், சேருறது 5 சதவீதம் மாதிரிதான், பால்லன்னா 30 சதவீதம் கிட்ட சேரும். எள்ளுத் தோல்லயும் ஆக்சலேட் உண்டு. அதுக்காக தோல் நீக்குன வெள்ளை எள்ளு வாங்குனா கால்சியத்துல பெரும்பகுதி தோலோடயே போயிடும், 100 கிராமுக்கு 60தான் மிஞ்சும், பாக்கெட்ட பாத்து வாங்குங்க. ஆளி விதைய முழுசா முழுங்குனா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும், பொடிச்சுதான் சாப்பிடணும்.

கடைசியா, ஒன்னுல இருக்குறது இன்னொன்னுல இல்லாதத பாருங்க. எள்ளுல வைட்டமின் ஏ, சி ரெண்டும் கிட்டத்தட்ட கிடையாது, அது கீரைலருந்துதான் வரணும். நல்ல கொழுப்பு கீரைல ரொம்பக் கம்மி, விதைலதான் இருக்கு. புரோட்டீனுக்குன்னா பூசணி விதை, 100 கிராமுக்கு 30 கிராம் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்குறவங்க கீரைய திடீர்னு கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அதுல வைட்டமின் கே அதிகம், டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நான் இப்ப பண்றது இதுதான்: கருப்பு எள்ள வெறும் சட்டில படபடன்னு வெடிக்கிற வரைக்கும் வறுத்து, காஞ்ச மிளகாயோட கொரகொரன்னு பொடிச்சு வெச்சுக்குவேன். முருங்கைக்கீரை பொரியல எறக்குறப்போ ஆளுக்கு ஒரு ஸ்பூன் தூவி, அடுப்ப அணைச்சப்புறம் அரை மூடி எலுமிச்சம்பழம் புழிஞ்சிடுவேன். எள்ளுல இருக்குற எண்ணெய், கீரைல இருக்குற பீட்டா கரோட்டின் (ஒடம்புல வைட்டமின் ஏ ஆகுறது) சேர ஹெல்ப் பண்ணும், எலுமிச்சை இரும்பு சேர ஹெல்ப் பண்ணும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் குடிக்காதீங்க, அது இரும்பு சேருறத குறைச்சிடும், ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க. அம்மாவுக்கு இந்த பொரியல் புடிச்சுப் போச்சு, இப்ப வாரத்துல மூணு நாள் அவங்களே கீரை ஆய உக்காந்துடுறாங்க.