ஏரோபாட்டிக் ஆர்சி விமானத்துக்கு எந்த சைஸ் இன்ஜின் போடலாம்?

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தின் கிட் பெட்டியில் 40-46 என்று போட்டிருந்தால் அது டூ ஸ்ட்ரோக் குளோ இன்ஜினுக்கான (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடுவது) கணக்கு. 0.40 முதல் 0.46 கன அங்குலம், அதாவது 6.5 முதல் 7.5 சிசி. சும்மா சுற்றிப் பறக்க இதில் எதுவும் போதும், ஏரோபாட்டிக் என்றால் யோசிக்காமல் 46-ஐ எடுங்கள். எடையில் பெரிய வித்தியாசம் வராது, மேலே ஏறும்போது அந்த ஒரு சிசி நன்றாகவே தெரியும்.

ஆனால் சைஸுக்கு முன்னால் விமானத்தின் எடை தெரிய வேண்டும். சர்வோ, ரிசீவர், பேட்டரி, இன்ஜின், சைலன்சர் எல்லாம் ஏற்றியபின் வரும் எடைதான் கணக்கு. கிட்டில் அச்சடித்த எடையை நான் நம்புவதே இல்லை, பசையும் பெயின்ட்டும் ஏறினால் அது எப்படியும் கூடிவிடும். லூப், ரோல் மட்டும் என்றால் எடையில் முக்கால் பங்கு இழுவை (பிராப், அதாவது புரொப்பல்லர், விமானத்தை முன்னே இழுக்கும் விசை) இருந்தாலே ஓட்டிவிடலாம். செங்குத்தாக வேகம் குறையாமல் ஏற எடையைவிடக் கூடுதல் இழுவை வேண்டும், மூக்கை மேலே நிமிர்த்தி அப்படியே நிறுத்தும் 3டி வித்தைக்கு ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. இழுவையை அளக்க வால் பக்கம் கயிறு கட்டி, மீன்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி கொக்கித் தராசில் மாட்டி ஃபுல் த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். பிராப்புக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது.

பலர் கோட்டை விடுவது பிராப்பில். 46-இல் 11x6 (11 அங்குல விட்டம், 6 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) போட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால், காற்று நழுவலைக் கணக்கில் எடுக்காமல், பிட்ச் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் வரும். அதே சுற்றில் 12x4 என்றால் 67 தான், ஆனால் விட்டம் கூடுவதால் மெதுவாகப் பறக்கும்போது இழுவை நன்றாக இருக்கும், 3டிக்கு அதுதான் வேண்டும். இன்ஜினை மாற்றக் கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று பிராப் வாங்கிப் பாருங்கள், செலவும் குறைவு.

ஃபோர் ஸ்ட்ரோக் பிடிக்கும் என்றால் 46 இடத்தில் 70 சைஸ் போட வேண்டும். சத்தம் இதமாக இருக்கும், பெரிய பிராப்பை மெதுவாகச் சுற்றும், ஆனால் விலை அதிகம், பிராப் தரையில் இடிக்காமல் இருக்க லேண்டிங் கியர் உயரத்தையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் பற்றி இந்த சைஸில் யோசிக்கவே வேண்டாம். 20 சிசி பெட்ரோல் இன்ஜின் எல்லாம் 120 குளோ சுமக்கும் 5 கிலோ விமானங்களுக்கானது, அங்கே போனால் எரிபொருள் செலவு மிச்சம்தான்.

பெங்களூர் மாதிரி 900 மீட்டர் உயரத்தில் பறப்பவர்களுக்குக் காற்று அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டு சதவீதம் போலக் குறையும், சக்தியும் அதே அளவு இறங்கும். அங்கே பெட்டியில் போட்ட வரம்பில் சின்ன எண்ணான 40-ஐ எடுக்காதீர்கள்.

அதற்காக 46 விமானத்தில் 61-ஐத் திணிப்பதும் சரியில்லை. மூக்கு கனத்துவிடும், அதைச் சமன் செய்ய வாலில் ஈயம் வைப்பீர்கள், மொத்த எடை ஏறும், தரையிறங்கும் வேகமும் ஏறும், இன்ஜினைத் தாங்கும் ஃபயர்வால் பலகையும் அந்த அதிர்வுக்குச் செய்ததில்லை. எந்த இன்ஜின் போட்டாலும் டேங்க் காலியாக இருக்கும்போது சிஜி (விமானத்தின் எடை சமநிலைப் புள்ளி) பாருங்கள், முதல் பறப்புக்கு அது பிளானில் சொன்ன வரம்பின் முன்பாதியில் இருக்கட்டும்.