குவளையும் கண்ணாடியும்: ஜேம்ஸ் பால்ட்வினைத் தருமபுரியில் கூடி வாசிக்கும் முறை

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் கட்டுரைகளைத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நாலைந்து பேர் கூடி வாசிக்கத் தொடங்கினால், இரண்டாம் பக்கம் முடிவதற்குள் யாராவது ஒருவர், "இது நம் ஊர்க் கதைதான், நிறம் என்று வரும் இடத்தில் சாதி என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும் முதல் நாளிலேயே அப்படிச் சொல்லிவிட்டால், பால்ட்வின் எழுதியது எதுவும் காதில் விழாது. நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி கேட்டுவிட்டு எழுந்து போவோம். ஆகவே ஒப்பீட்டை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு ஏற்றது, 1955இல் வெளிவந்த 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' தொகுப்பின் தலைப்புக் கட்டுரை. அது மூன்று பகுதிகளாக அமைந்திருப்பதால் வாரத்துக்கு ஒரு பகுதி போதும். ஆங்கிலம் தடையின்றிப் படிக்கக்கூடிய ஒருவர் ஒவ்வொரு பத்தியாக வாசித்து, அதன் பொருளை உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அப்போது யார், எங்கே, எப்போது என்ற கேள்விகளை மட்டுமே கேட்கலாம். கருத்துச் சொல்லும் நேரம் வாசிப்பு முடிந்த பிறகுதான்.

சொற்களைப் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. 'இனம்' என்ற நம் சொல் தமிழினத்துக்கும் பொருந்தும், ஆட்டினத்துக்கும் பொருந்தும். அமெரிக்காவில் தோல் நிறத்தை வைத்து மனிதரைப் பிரித்த ஏற்பாட்டை அது பாதிதான் சொல்லும். பால்ட்வின் தம் காலத்து வழக்கப்படி 'நீக்ரோ' என்று எழுதுகிறார். அவர் எழுதிய வரியைச் சொல்லும்போது அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு, நாம் பேசும்போது கறுப்பினத்தவர் என்று சொல்வதே முறை.

முதல் பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியவர் பால்ட்வினின் தந்தை. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் வறுமையோடு பெரிய குடும்பத்தை வளர்த்த அந்தப் போதகர் வெள்ளையர் எவரையும் நம்பாதவர். மகனின் உயர்நிலைப்பள்ளி வெள்ளை நண்பர்கள் உண்மையில் நண்பர்களே அல்லர், வளர்ந்த பிறகு அது புரியும் என்று எச்சரித்தவர். சிறுவனுக்குப் புத்தகங்கள் கொடுத்து, நாடகம் பார்க்கவும் அழைத்துச் சென்ற வெள்ளை ஆசிரியை ஒருவரும் இதே பகுதியில் வருகிறார். இந்த இருவரில் யார் சொல்வது சரி என்று முடிவுகட்ட முற்படாதீர்கள், ஏனெனில் பால்ட்வினும் அப்படிச் செய்யவில்லை.

முதல் பகுதியின் பிற்பாதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முடிந்தால் இரண்டு முறை வாசியுங்கள். நியூ ஜெர்சியில் போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை செய்த காலத்தில், போகும் இடமெல்லாம் கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவதில்லை என்று பால்ட்வினைத் திருப்பியனுப்புகிறார்கள். அங்கே கழித்த கடைசி இரவில் ஒரு வெள்ளை நண்பருடன் டிரென்டன் நகரத்துக்குப் போகிறார்; ஒரு கடையில் உணவு மறுக்கப்பட்டதும், வேண்டுமென்றே பளபளப்பான ஒரு பெரிய உணவகத்துக்குள் நுழைந்து அமர்கிறார். பரிமாற மறுத்த பணிப்பெண்ணின் மீது தண்ணீர்க் குவளையை வீசுகிறார்; அவள் குனிந்துகொள்ள, பின்னால் இருந்த கண்ணாடி நொறுங்குகிறது. நண்பர் "ஓடு" என்கிறார், இவர் ஓடுகிறார். நண்பரோ அங்கேயே நின்று, துரத்தி வந்தவர்களையும் காவலர்களையும் வேறு திசையில் அனுப்பிவிடுகிறார்.

எங்கள் வட்டத்தில் எல்லோரும் குவளையைப் பற்றியே பேசினார்கள். தேநீர்க் கடை இரட்டைக் குவளையைக் கண்டோ கேட்டோ வளர்ந்தவர்கள் வேறெதைப் பேசுவார்கள்? ஆனால் கேட்க வேண்டிய கேள்வி நண்பரைப் பற்றியது. அவர் அந்த அநீதியை ஒழிக்கவில்லை, அதைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றவில்லை; தம் நிறத்தினால் தமக்குக் கிடைத்த நம்பகத்தன்மையைச் சில நிமிடங்கள் நண்பனுக்காகச் செலவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெறும், எவ்வளவு பெறாது என்று பேசவிட்டால் இரண்டு மணி நேரம் போதாது. தாம் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதோடு, தாமும் கொலை செய்யத் தயாராக இருந்தார் என்று பால்ட்வின் தம்மையே குற்றக் கூண்டில் நிறுத்தும் இடத்தையும் தவறவிடக் கூடாது.

மூன்றாம் பகுதியில், பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாளில் இறுதிச் சடங்கு நடக்கிறது; மறுநாள், 1943 ஆகஸ்டு 3ஆம் தேதி காலை, ஹார்லெம் கலவரத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தந்தையைப் புதைக்கப் போகிறார்கள். கறுப்பினப் படைவீரர் ஒருவரைக் காவலர் சுட்டதில், அவர் இறந்துவிட்டார் என்று பரவிய பொய்ச் செய்தியே கலவரத்துக்குத் தீ மூட்டியது. இங்கே வரும்போது 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம் காலனியில் சாதிக் கலவரத்தில் எரிந்த வீடுகள் நம் மாவட்டத்தவர் நினைவுக்கு வராமல் இருக்காது. இப்போது ஒப்பிடலாம், வேற்றுமையிலிருந்து தொடங்குங்கள். ஹார்லெமில் நொறுக்கப்பட்டவை பெரும்பாலும் அந்தப் பகுதியிலிருந்த வெள்ளையரின் கடைகள். இங்கே எரிந்தவை தலித் மக்களின் குடியிருப்புகள். அங்கே முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வதை, இங்கே "எந்த ஊர்? ஊருக்குள்ளேயா, காலனியா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், ஓசூரில் அறை தேடும் பையன்கள் இந்தக் கேள்வியை நன்கு அறிவார்கள்.

நான்காம் வாரத்தில் ஒவ்வொருவரும் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு நண்பரைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளுங்கள். 'அன்பு', 'சமத்துவம்' ஆகிய சொற்களைத் தவிர்த்துவிட்டு, இடம், பொருள், அங்கே பேசப்பட்ட சொல் ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் தவறு ஏதேனும் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். வட்டத்தில் வாசிக்கும் முன் அந்தப் பக்கத்தை அந்த நண்பரிடம் கொடுத்து, அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள்.

நான் எழுதியது பள்ளித் தோழன் ஒருவனைப் பற்றி. அவன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் எங்கள் ஆயா அவனுக்குத் திண்ணையில் தனிச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார் என்றும், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்றும் எழுதியிருந்தேன். அவன் படித்துவிட்டு ஒரு திருத்தம் மட்டும் சொன்னான்: சொம்பு திண்ணையில் இருந்ததில்லை, மாட்டுக் கொட்டகைத் தூணில் கவிழ்த்து வைத்திருக்கும், அதை எடுத்து வந்து அவனிடம் நீட்டியது ஆயா அல்ல, நான்.