சில்வர் பீச் மணலில் பூமியை அளவு பிசகாமல் வரைவது எப்படி

பூமியின் குறுக்குவெட்டுப் படம் தொங்காத பள்ளிக்கூடச் சுவர் குறைவு. அந்தப் படத்தில் மேலோட்டை ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் தீட்டியிருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். நான் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் போர்வெல் போடுகிறவன். அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அளவு தப்பிய படம் பொறுக்காது. ஆகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூமியைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் வரைந்து காட்டுகிறேன். நீங்களும் வரையலாம். அரை நாள் போதும்.

அளவு இதுதான்: ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டர் ஒரு மில்லிமீட்டராகிவிடும். இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றதை அவர்களே போட்டுவிடுவார்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால் நமக்கு 6 மீட்டர் 37 சென்டிமீட்டர் கயிறு வேண்டும். வட்டம் ஏறக்குறைய பதின்மூன்று மீட்டர் அகலம் வரும்.

எடுத்துப்போக வேண்டியவை: எட்டு மீட்டர் நைலான் கயிறு, ஒரு நல்ல முளைக்குச்சி, அளவு டேப், மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல், கோலமாவு, கரித்தூள், செங்கல் தூள், கலர் இன்சுலேஷன் டேப். கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, இருவர் இழுத்துப் பிடித்த பிறகுதான் அளவு குறிக்க வேண்டும். புதுக் கயிறு இழுக்க இழுக்க நீளும். முளையிலிருந்து 1 மீட்டர் 22 சென்டிமீட்டரில் ஒரு டேப் சுற்றுங்கள், 3 மீட்டர் 48-இல் இன்னொன்று, 6 மீட்டர் 37-இல் மூன்றாவது. முடிச்சுப் போடாதீர்கள், அளவு குறைந்துவிடும்.

விடியற்காலையில் போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணல் காய்ந்து கோடு நிற்காது, காற்று கிளம்பினால் கோலமாவு பறக்கும். அலை ஏறிவரும் கோட்டுக்குச் சற்று மேலே, ஈரம் காயாத கெட்டி மணல்தான் சரியான இடம். படகும் வலையும் கிடக்கிற பக்கம் வேண்டாம். அது மற்றவர் தொழில் நடக்கிற இடம். ஞாயிறு மாலையில் போனால் உங்கள் பூமி நூறு பேர் காலடியில் போய்விடும்.

முளையை அடித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையை நடக்க விடுங்கள். வெளிவட்டத்தை முழுதாக வரையுங்கள். உள்வட்டங்களை முழுதாக வரையத் தேவையில்லை, நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு துண்டு மட்டும் பிரித்து அதில் நிறம் தூவினால் போதும். முளையை ஒட்டிய 1.22 மீட்டருக்குக் கரித்தூள். அது உட்கரு, இரும்பும் நிக்கலும் சேர்ந்த திடப் பந்து. வெப்பம் ஐயாயிரம் டிகிரிக்கு மேல், சூரியனின் மேற்பரப்புக்கு நிகர். அவ்வளவு சூட்டிலும் உருகாததற்குக் காரணம் மேலேயிருந்து அழுத்தும் பாரம். அடுத்த 2.26 மீட்டருக்குச் செங்கல் தூள். அது புறக்கரு, உருகிய இரும்பு. அங்கிருந்து விளிம்புவரைக்கும் மீதி 2.89 மீட்டர். அதுதான் கவசம், முழுக்கப் பாறை. அதை வெறும் மணலாகவே விட்டுவிடுங்கள். அதற்கும் நிறம் தூவினால் கோலமாவு போதாது.

இத்தனை ஆழத்தை யார் போய்ப் பார்த்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒருவரும் போகவில்லை. நிலநடுக்க அலைகள் பூமிக்குள் புகுந்து வெளிவருவதை அளந்து கண்டுபிடித்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டாம் 1897-ஆம் ஆண்டு அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். பூமிக்கு நடுவே தனியாக ஒரு கரு இருக்கிறது என்பதற்கு 1906-இல் இந்த அலைகளிலிருந்தே சான்று காட்டினார். உட்கருவைக் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டுப் பெண் விஞ்ஞானி இங்கே லேமான், 1936-இல். பக்கவாட்டில் குலுக்கும் அலை திரவத்துக்குள் போகாது. புறக்கரு உருகியது என்று தெரிந்தது அப்படித்தான்.

இப்போது விளிம்புக்கு வாருங்கள். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். கண்டங்களின் கீழே மேலோடு சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமன். நம் படத்தில் மூன்றரை சென்டிமீட்டர். கடலுக்கு அடியில் ஏழு கிலோமீட்டர்தான், அதாவது ஏழு மில்லிமீட்டர். நீங்கள் விரலால் இழுத்த கோடே அதைவிட அகலமாக இருக்கும். எவரெஸ்ட் ஒன்பது மில்லிமீட்டர் மேடு. கடலின் சராசரி ஆழம் மூன்றே முக்கால் மில்லிமீட்டர். எதிரே இரைகிற வங்காள விரிகுடாவைக் காட்டி, இதன் ஆழம் உன் நகத்தடிக்குள் அடங்கிவிடும் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் முதலில் நம்புவதில்லை. ஸ்கேலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

என் தொழிலையும் அதே ஸ்கேலில் வைத்துக் காட்டுவேன். முந்நூறு அடி போர் என்றால் 91 மீட்டர், படத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கடற்கரை மணலில் ஒரே ஒரு பரலைக்கூட என் ரிக் துளைத்து வெளியே வராது. நெய்வேலிச் சுரங்கமும் அந்தப் பரலுக்குள்தான். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் சோவியத் காலத்தில் போட்ட துளை 12,262 மீட்டர் இறங்கியது. அதுவே பன்னிரண்டு மில்லிமீட்டர். மேலோட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை. கீழே போகப் போகக் கிலோமீட்டருக்கு இருபத்தைந்து, முப்பது டிகிரி சூடு ஏறுகிறது. அந்தச் சூட்டை டிரில் பிட் தாங்குவது கடினம்.

மேலே காற்றை வரையுங்கள். விண்வெளியின் எல்லையாக வைத்துக்கொள்ளும் நூறு கிலோமீட்டர் உயரம் பத்து சென்டிமீட்டர். ஆனால் காற்றின் எடையில் பாதி முதல் ஐந்தரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. மழை மேகம் முழுவதும் பதினேழு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். உயிர் என்று நாம் சொல்கிற எல்லாமே, காடு, மீன், கிருமி, கடலூர் மாநகராட்சி உட்பட, இந்தச் சில மில்லிமீட்டர் பட்டைக்குள் ஒடுங்கியிருக்கிறது. அதற்கு அடியில் ஆறு மீட்டருக்கு மேல் தகிக்கிற பாறையும் இரும்பும். அவ்வளவு ஆழமும் சும்மா கிடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த வரைபடமே.

வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது, சூரியனிலிருந்து சரியான தூரத்தில் இருப்பதால் இங்கே உயிர் இருக்கிறது என்று. தூரத்தையும் காட்டுங்கள், எளிது. நம் அளவில் சூரியன் 150 கிலோமீட்டர் தள்ளி. கடலூரிலிருந்து நேர்க்கோடு போட்டால் சென்னை அடையாறு வரும். அங்கே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நெருப்புப் பந்து. வெள்ளிக் கோளை நம் பக்கமாகவே வைத்தால் மரக்காணத்துக்குச் சற்று இப்பால். செவ்வாய் அந்தப் பக்கம் தரங்கம்பாடி. நிலா மட்டும் பக்கத்தில், கடற்கரையிலேயே 384 மீட்டர் நடந்தால் வந்துவிடும். பிள்ளைகளை நடக்க விட்டு, அங்கே மூன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்.

ஆனால் தூரம் மட்டும் காரணம் என்றால் நிலா எப்படித் தரிசாகக் கிடக்கிறது? நமக்கும் அதற்கும் ஒரே தூரம்தான். வெள்ளியும் கிட்டத்தட்ட நம் அளவு. ஆரத்தில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர்தான் குறைச்சல். அங்கே 460 டிகிரி சூடு, நம்மைப்போல் தொண்ணூறு மடங்கு காற்றழுத்தம், காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு.

பூமியில் அந்த வாயு எங்கே போயிற்று? பெரும்பகுதி பாறையாகிவிட்டது. மழை காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு விழுகிறது, பாறையை அரிக்கிறது, கரைந்ததை ஆறு கடலில் சேர்க்கிறது. அங்கே சிப்பிகளும் நுண்ணுயிர்களும் அதைச் சுண்ணாம்பாக்கிக்கொள்கின்றன. அவை அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. பூமியின் மேற்புறம் பிரிந்திருக்கும் பெரும் பாறைப் பலகைகளில் ஒன்றான கடலடித் தட்டு கண்டத்துக்கு அடியில் செருகும்போது அதில் ஒரு பகுதி கவசத்துக்குள் போய் வெந்து, எரிமலை வழியாக வாயுவாகத் திரும்பி வருகிறது. பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாக அரிபடும், வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு குறையும், எரிமலை விடுகிற வாயு சேரும். சூட்டைத் தானே சீராக வைக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டின் வேலை. ஒரு சுற்றுக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும். இந்த வாயுவும் நீராவியும் போர்த்தியிருக்காவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் 15 டிகிரியாக இருக்காது, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும்.

இந்தச் சுற்று ஓட வேண்டுமானால் தட்டுகள் நகர வேண்டும். தட்டுகள் நகர, கவசம் அசைய வேண்டும். திடப் பாறைதான், ஆனாலும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் ஊர்கிறது. அசைவைத் தருவது பூமி பிறந்தபோது மிஞ்சிய சூடும், பாறைக்குள் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வரும் சூடும். செவ்வாயின் ஆரம் நம் அளவில் 3 மீட்டர் 39 சென்டிமீட்டர்தான். சிறிய உடம்பு சீக்கிரம் ஆறிவிட்டது. அதன் காந்தப்புலமும் ஏறக்குறைய நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிப்போனது. காற்றும் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. நமக்கு அந்தச் செங்கல் தூள் போட்ட வட்டத்தில் உருகிய இரும்பு இன்னும் சுழல்கிறது, அதுவே காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இதை மட்டும் பெரிதுபடுத்தி, காந்தப்புலம் இல்லையென்றால் காற்றே இராது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் சொந்தக் காந்தப்புலம் இல்லாத வெள்ளியில் அவ்வளவு காற்று எப்படி? காந்தப்புலம் காற்றுக்கு உள்ள காப்புகளில் ஒன்று. ஈர்ப்பு விசையும், எரிமலை விடுகிற புதுக் காற்றும் கணக்கில் உண்டு.

தட்டு செருகுகிற இடத்தையும் படத்தில் குறியுங்கள். வெளிவட்டத்தில் கடலூருக்கு ஒரு சிப்பி வைத்து, அங்கிருந்து விளிம்போடு ஒன்றரை, இரண்டு மீட்டர் கிழக்கே தள்ளினால் அந்தமானும் சுமத்ராவும். இந்தியத் தட்டு அங்கே உள்ளே இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த இடம் உடைந்தது. நம் படத்தில் 1 மீட்டர் 30 சென்டிமீட்டர். கடலடி சில மீட்டர் எழும்பியது. இந்த ஸ்கேலில் அதை எந்த உருப்பெருக்கிக் கண்ணாடியாலும் காட்ட முடியாது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று, நாம் நிற்கிற இந்த மணலுக்கு அலை வந்து சேர. தேவனாம்பட்டினத்தில் இதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் அன்று யாரை இழந்தாரோ. காற்றைச் சீராக வைக்கிற அதே நகர்வுதான் அந்தக் காலையிலும் நடந்தது என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் நான் மறைப்பதில்லை. சின்னவர்களிடம் சொல்வதில்லை.

தண்ணீருக்கு ஒரு வேலை கொடுங்கள். பூமியிலுள்ள தண்ணீர் முழுவதையும், உப்பு, பனி, நிலத்தடி எல்லாம் சேர்த்து, ஒரே பந்தாக உருட்டினால் நம் அளவில் 1 மீட்டர் 38 சென்டிமீட்டர் அகலம். அதை ஒரு வட்டமாக வரையுங்கள். நல்ல தண்ணீரில் திரவமாக இருப்பதைத் தனியே உருட்டினால் 27 சென்டிமீட்டர், அதில் பெரும்பங்கு நிலத்தடி நீர். ஏரியும் ஆறும் மட்டும் என்றால் ஐந்தரை சென்டிமீட்டர், கெடிலமும் தென்பெண்ணையும் அதற்குள். இந்த மூன்று வட்டங்களையும் பார்த்த பிறகு, கரையோரத் தெருக்களில் உப்பு ஏறிய போர்களைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டியிருப்பதில்லை. இனிப்பு நீரை அளவு மீறி இழுத்தால் கடல் உள்ளே வரும், அவ்வளவுதான்.

வரைந்து முடித்தபின் வெயில் பொறுக்கும்வரை கடலூரை ஒட்டிய கேப்பர் மலைக்கு ஒரு நடை போய் வரலாம். அந்தச் சிவந்த பாறைக்குப் புவியியலில் ‘கடலூர் மணற்கல்’ என்றே பெயர். சிவப்புக்குக் காரணம் இரும்பு. பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, பெரும்பகுதி நடுவுக்கு இறங்கிவிட்டது, மேலே தங்கிய மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்திருக்கிறது. காற்றில் அந்த ஆக்சிஜனைச் சேர்க்கத் தொடங்கியவை ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நுண்ணுயிர்கள். செவ்வாயும் சிவப்புதான், ஆகவே நிறத்தைப் பார்த்து உயிரை முடிவுசெய்ய வேண்டாம். இன்னும் ஒரு நாள் கிடைத்தால் நெய்வேலி. அங்கே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீருக்குப் போனவன் கையில் பழுப்பு நிலக்கரி! எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கதை கிடையாது. அது பழங்காலக் காடுகள் காற்றிலிருந்து பிடித்துவைத்த கரி. அதை எரித்து நாம் வெளியே விடுகிற வேகத்துக்குப் பாறைத் தெர்மோஸ்டாட் ஈடுகொடுக்காது. தொழிற்சாலைகளுக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

கிளம்பும்போது முளையைப் பிடுங்கிவிடுங்கள், நைலான் கயிற்றில் ஒரு துண்டுகூட மணலில் கிடக்கக் கூடாது. கடற்கரைக்கு வர முடியாதவர்கள் மொட்டை மாடியில் வரையலாம். எல்லா அளவையும் பாதியாக்குங்கள்: ஆரம் 3 மீட்டர் 19, கரு 1 மீட்டர் 74, அதற்குள் உட்கரு 61 சென்டிமீட்டர், மேலோடு பதினேழரை மில்லிமீட்டர். மாடி தளத்தில் முளை அடிக்க முடியாது, ஒரு தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் கயிற்றைச் சுழலும்படி தளர்வாகக் கட்டுங்கள். குடம் நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நகர்ந்துவிடும்.