பிலிப்பைன்ஸ் தீவுக் கூட்டரசு கதை வாட்ஸ்அப்பில் வந்தால் சரிபார்ப்பது எப்படி?

ராஜேந்திர சோழனிடம் தோற்ற, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் ஆட்கள்தான் பிலிப்பைன்ஸில் மட்ஜா-அஸ் என்ற கூட்டரசை நிறுவினார்கள் என்று ஒரு வீடியோ குடும்பக் குரூப்பில் வந்தால், மதுரைக்காரர்கள் நாம் பார்த்த வேகத்திலேயே நாலு பேருக்குத் தள்ளிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் மூலக் கதையையும் பின்னால் ஒட்டியதையும் பிரியுங்கள். மூலக் கதை இதுதான்: போர்னியோவில் மகாதுனாவ் என்ற கொடுங்கோலனிடமிருந்து தப்பிய பத்துத் தலைவர்கள் பிலிப்பைன்ஸின் பனாய் தீவுக்குப் படகேறி வருகிறார்கள், அங்கே ஆத்தி என்ற பூர்வகுடி மக்களின் தலைவன் மரிகுடோவுக்குத் தங்கத் தொப்பியும் அவன் மனைவிக்குத் தரையைத் தொடும் தங்கச் சங்கிலியும் கொடுத்துச் சமவெளியை வாங்கி, தீவை மூன்றாகப் பிரித்து ஆள்கிறார்கள்; அந்த மூன்றும் சேர்ந்ததுதான் மட்ஜா-அஸ் கூட்டரசு. இதில் சோழன் எங்கே?

அடுத்து, யார் எப்போது எழுதியது என்று பாருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். இன்று எல்லோரும் சொல்லும் வடிவத்தைப் பரப்பியது பெட்ரோ மான்டெக்லாரோ 1907-ல் வெளியிட்ட 'மரக்தாஸ்' என்ற புத்தகம். அதற்கு முன்னூறு வருடம் முன்பு, 1582-ல், மிகேல் டி லோஆர்கா என்ற ஸ்பானியர் பனாய் மக்களின் வழக்கம், அடிமை முறை, கல்யாணம் எல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறார். ஊர்த் தலைவர்கள் வருகிறார்கள், கூட்டரசு வரவில்லை.

அதற்காக எல்லாமே புளுகு என்று தள்ளிவிடவும் கூடாது. வரலாற்றாய்வாளர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968-ல் ஆராய்ந்தபோது மரக்தாஸை வாய்மொழி மரபாக வைத்தார், ஆனால் இதே தீவின் பழைய சட்டம் என்று பாடப்புத்தகம் வரை போன கலந்தியாவ் சட்டத்தைப் போலி என்று காட்டினார். அந்தப் போலிச் சட்டத்தைப் பிலிப்பைன்ஸ் நூலகத்துக்குக் கொடுத்தவர் ஹோசே மார்கோ, வருடம் 1914. கதை வேறு, போலி வேறு. எது எந்தப் பெட்டி என்று பிரிப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

அப்புறம் பெயர் ஒற்றுமை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், 1025 படையெடுப்பில் பிடித்த ஊர்களில் 'துறைநீர்ப் பண்ணை' வருகிறது. அதைப் பனாய் என்று படிக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆய்வாளர்கள் அந்தப் பண்ணையைச் சுமத்ராவில் வைக்கிறார்கள்.

இதே அளவுகோலை நம் வீட்டிலும் வையுங்கள், இல்லையென்றால் அது சரிபார்ப்பே இல்லை. முதற்சங்கம் 4440 ஆண்டு நடந்தது என்பது பல நூற்றாண்டு கழித்து வந்த இறையனார் அகப்பொருள் உரை சொல்வது. மாங்குளம் மலையில் கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குக் கொடுத்த கொடையும் நெடுஞ்செழியன் பெயரும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பாறையிலேயே இருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கடைசியாக, பதில் போடும் விதம். வீடியோ அனுப்பிய மாமாவிடம் "இது பொய்" என்று எழுதினால் தீபாவளி வரைக்கும் பேச மாட்டார். "இது எந்தக் கல்வெட்டுல இருக்கு மாமா, படம் கிடைக்குமா?" என்று மட்டும் கேளுங்கள்.