டீம் லீட் ஆனவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சிறிய மென்பொருள் நிறுவனங்களில், குழுவிலேயே நன்றாகக் கோட் எழுதுபவரைத்தான் பெரும்பாலும் டீம் லீட் ஆக்குகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் பதவி மாறிய பிறகும் அவர் பழைய வேலையையே விடாமல் செய்துகொண்டிருப்பதிலிருந்துதான் மற்றத் தவறுகள் கிளைக்கின்றன.

அவற்றில் பெரியது, சிக்கலான பகுதிகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வது. மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதிய ஐந்து பேர் குழுவுக்கு நான் லீட் ஆக இருந்தபோது, எடைமேடையிலிருந்து எடையைப் படிக்கும் பகுதியை நான் மட்டுமே எழுதி, யாரையும் தொட விடாமல் வைத்திருந்தேன். பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதக் காலையொன்றில் அது நின்றுபோனது. நானோ தருமபுரியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்க, குமாஸ்தா துண்டுச் சீட்டில் எடையைக் குறித்துக்கொண்டிருந்தார். எடைமேடையின் டிஸ்ப்ளே பெட்டியை முந்தின நாள் மாற்றியிருந்தார்கள். புதியது 2400 பாட் (தரவு அனுப்பும் வேகத்தின் அளவு) வேகத்தில் அனுப்ப, எங்கள் மென்பொருள் 9600இல் காத்திருந்தது. ஒரே ஒரு வரியைத் திருத்துவதற்கு மூன்று மணி நேரம் ஆனதற்குக் காரணம், அந்தக் கோப்பை அதுவரை வேறு எவரும் திறந்து பார்த்ததில்லை என்பதுதான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு என்றிருக்கும் ஓசூரில், ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் விவரம் அவர் வேலை மாறும் நாளில் அவரோடே போய்விடும்.

ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவியூவிலும் இதே குணம் தலைகாட்டும். குறையைச் சுட்டிக்காட்டி, அதை எழுதிய இளையவரிடமே திருப்பித் தராமல் இரவோடு இரவாகத் தாமே மாற்றி எழுதிவிட்டால், வேலை முடியும். இளையவர் மட்டும் கற்கமாட்டார்.

தம் கைவேகத்தை வைத்து வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிவிடுவது அடுத்த தவறு. செய்யப்போகிறவரைக் கேட்காமல் சொன்ன தேதி தவறும்போது, நிர்வாகம் உடனே இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகச் சேர்க்கும். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்னும் இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இலேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லித்தரப் பழையவரின் நேரமே செலவாகிறது. அத்துடன், ஐந்து பேருக்குள் 10ஆக இருக்கும், இருவருக்கு இடையிலான பேச்சு இணைப்புகள் எட்டுப் பேரானதும் 28 ஆகிவிடுகின்றன. ஆள் சேர்ப்பதைவிட, முதல் ரிலீஸில் எதை விடலாம் என்று வாடிக்கையாளரிடம் பேசுவதே பலன் தரும். ஆலைக்காரருக்கு மே மாதத்தில் எடைச்சீட்டு வேண்டும், அழகான வரைபடங்கள் ஆகஸ்டில் வந்தால் போதும்.

காலை நேர ஸ்டாண்டப் கூட்டத்தை வருகைப் பதிவேடாக்குவதையும் தவிர்க்க வேண்டும். வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் அதற்கு 15 நிமிடம்தான். அது உறுப்பினர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிடுவதற்கு உரியதே அன்றி, லீடிடம் கணக்கு ஒப்பிப்பதற்கு அன்று. பக் (மென்பொருள் பிழை) வந்ததற்காக ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்தால், அடுத்த பக்கை வாடிக்கையாளர் சொல்லித்தான் நீங்கள் அறிவீர்கள்.

இப்போதெல்லாம் மாங்காய் வரத்து தொடங்குவதற்கு முன், மார்ச் மாதத்தில் இரண்டு நாள் விடுப்பெடுத்து, கைபேசியையும் அணைத்துவிடுகிறேன். திரும்பி வரும்போது எந்த வேலை எனக்காகக் காத்திருக்கிறதோ, அதைத்தான் அந்த வாரமே இன்னொருவருக்குக் கற்றுத்தருகிறேன்.